அப்புறம் ஏன் அது கத்துது?

இந்த வாரம் பேசுறதா சொன்ன தலைப்பைத் தள்ளி வச்சிருக்கேன். காரணம், எங்க அக்கா பையன்.

அவனுக்கு ஆறு வயசு. போன ஞாயித்துக்கிழமை அவன் 'ஸ்டார் வார்ஸ்: தி க்ளோன் வார்ஸ்' கார்ட்டூன் பார்த்துக்கிட்டு இருந்தான். நான் பக்கத்துல போனை நோண்டிக்கிட்டு இருந்தேன். ஜெடாய் வீரன் வாளைச் சுத்துறான், பேட்டில் டிராய்டுகளோட தலையும் கையும் காலும் பறக்குது. "மாமா, அதுக்கு வலிக்காதா?"ன்னு கேட்டான். "வலிக்காதுடா, அது மெஷின்"னு சொன்னேன். "அப்புறம் ஏன் கத்துது?"

எஞ்சினியரிங் படிச்சு, தினமும் கோடு எழுதிப் பிழைக்கிறவன் நான். என்கிட்ட பதில் இல்லை. அந்தக் கேள்விதான் இந்த எபிசோட். குழந்தைகளுக்கான படங்கள்ல ரோபோவை இந்த அடி அடிக்கிறாங்களே, அது எல்லை மீறிப் போகுதா?

முதல்ல கொஞ்சம் பின்னாடி போவோம். 'ரோபோ' என்ற வார்த்தையை உலகத்துக்குக் கொடுத்தது கரேல் சாபெக் எழுதிய 'ஆர்.யு.ஆர்.' என்ற செக் நாடகம். 1920இல் அச்சில் வந்தது, அடுத்த வருஷம் மேடை ஏறியது. வார்த்தையை யோசித்துச் சொன்னவர் அவருடைய அண்ணன் யோசெப். செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் கட்டாய உழைப்பு. பேரிலேயே அடிமைத்தனம் இருக்கு, பாருங்க. அந்த நாடகத்துல எனக்குப் பிடிச்ச ஒரு விஷயம்: ரோபோக்களுக்கு வலி தெரியாது. அதனாலேயே அவை தங்கள் கை கால்களை உடைச்சுக்குது, கம்பெனிக்கு நஷ்டம். அதனால ஒரு விஞ்ஞானி அவற்றுக்கு வலியை வடிவமைக்கப் பார்க்கிறார். இரக்கத்தால இல்லை, மெயின்டனன்ஸ் செலவு குறையணும்னுதான். அதாவது வலி ஒரு அலர்ட் சிஸ்டம்.

இதை மனசுல வச்சுக்கிட்டு 1983ல வந்த 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடாய்' பாருங்க. ஜப்பாவோட அரண்மனைக்குக் கீழே ஒரு அறையில், பெட்டி மாதிரி இருக்கிற ஒரு சின்ன டிராய்டைத் தலைகீழாக் கவிழ்த்து, பாதத்துல சூடு வைக்கிறாங்க. அது அலறுது. யாரோ ஒரு எஞ்சினியர் மெனக்கெட்டு உட்கார்ந்து அந்தப் பெட்டிக்குப் பாதத்துல வலி உணரும் சென்சார் வச்சிருக்கான்! எதுக்கு? படத்துக்கு பிஜி ரேட்டிங்தான், குழந்தைங்க பார்க்கலாம். அதே இடத்துல ஒரு மனுஷனைக் கட்டிப் போட்டுச் சூடு வச்சிருந்தா அந்த ரேட்டிங் கிடைச்சிருக்குமா?

ரோபோ உள்ளே வந்ததே இந்தச் சந்து வழியாத்தான். 1984ல ஆரம்பிச்ச 'நிஞ்ஜா டர்ட்டில்ஸ்' காமிக்ஸ்ல 'ஃபுட் கிளான்' ஆளுங்க மனுஷங்க. 1987ல அது டிவி கார்ட்டூனா ஆனப்போ அவங்க ரோபோ ஆயிட்டாங்க. இப்போ ஆமைங்க தாராளமா வெட்டலாம். 'சாமுராய் ஜாக்' இன்னும் சாமர்த்தியம். 2001ல இருந்து ஜாக் வெட்டினது பெரும்பாலும் இயந்திரங்களை. ரத்தத்துக்குப் பதிலா கறுப்பு எண்ணெய் பீய்ச்சி அடிக்கும். பிறகு 2017ல பெரியவங்களுக்கான கடைசி சீசன் வந்தது. அதுல எதிரியை ரோபோன்னு நினைச்சு வெட்டுறான். ரத்தம் வருது. அத்தனை சீசன் வெட்டினவன் அங்கே ஆடிப்போறான். அதை எழுதினவங்களுக்குத் தாங்க இத்தனை வருஷமா என்ன செஞ்சோம்னு தெரிஞ்சிருக்கு.

இப்போ முக்கியமான கதைக்கு வரேன். 1986 ஆகஸ்ட். அமெரிக்காவில் 'தி டிரான்ஸ்ஃபார்மர்ஸ்: தி மூவி' ரிலீஸ். அந்தக் கார்ட்டூனே ஹாஸ்ப்ரோ கம்பெனியின் பொம்மைகளை விற்க எடுத்ததுதான். 1984இல் வந்த பொம்மைகள் பழசாயிடுச்சு, புதுசு கடைக்கு வரணும். அதனால பழைய கதாபாத்திரங்களைப் படத்துலயே தீர்த்துக் கட்டிடலாம்னு முடிவு. எக்செல்ல ஒரு வரியை டெலீட் பண்ற மாதிரி. படம் ஆரம்பிச்சுக் கொஞ்ச நேரத்துலயே ஒரு விண்கலத்துக்குள்ள டிசெப்டிகான்கள் புகுந்து, பிரான், பிரவுல், ராட்செட், அயர்ன்ஹைடுன்னு குழந்தைங்க ரெண்டு வருஷமா டிவில பார்த்தவங்களைச் சுட்டுத் தள்ளுறாங்க. அடுத்து ஆப்டிமஸ் பிரைம். படுக்கையில கிடக்கிறான், சுத்தி நண்பர்கள் நிக்கிறாங்க, தலைமையை அடுத்தவன்கிட்ட ஒப்படைக்கிறான். அந்தச் சிவப்பும் நீலமும் மெதுவா வெளுத்து, உடம்பு முழுக்கச் சாம்பல் நிறமாயிடுது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

தியேட்டர்ல குழந்தைங்க அழுதாங்க. பெற்றோர்கள் கோபப்பட்டாங்க. ஆப்டிமஸ் அந்தக் குழந்தைங்களுக்கு இவ்வளவு பெரிய ஆள்னு எங்களுக்குத் தெரியவே இல்லைன்னு அதுல வேலை பார்த்த எழுத்தாளர்களே பின்னாடி சொல்லியிருக்காங்க. பதற்றம் எந்த அளவுக்குன்னா, அதே கம்பெனியின் 'ஜி.ஐ. ஜோ' படத்துல டியூக் சாகுறதா எடுத்திருந்த காட்சிக்கு மேல, அவர் கோமாவுல இருக்கார்னு ஒரு டப்பிங் வசனத்தை ஒட்டினாங்க. 1987ல ஆப்டிமஸையும் உயிரோட திருப்பிக் கொண்டுவந்தாங்க. கம்பெனி கணக்குல அது ஸ்டாக் கிளியரன்ஸ். எட்டு வயசுப் பையனுக்கு அது முதல் சாவு.

தணிக்கைக்காரங்க ரத்தத்தை எண்ணுறாங்க. குழந்தைங்க எண்ணுறது வேற.

இந்த விவாதத்துல எல்லாரும் எடுத்துக்காட்டுற படம் 'ஷார்ட் சர்க்யூட் 2', 1988. ஜானி 5 வெகுளியான ரோபோ, புத்தகம் படிக்கும், ஜோக் அடிக்கும். திருடனுங்க அதைக் கம்பியாலும் கோடாரியாலும் அடிச்சு நொறுக்குறாங்க. கெஞ்சுது. உள்ளிருந்து பேட்டரி திரவம் ஒழுகுது. செத்துக்கிட்டே இழுத்துக்கிட்டுப் போய், ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில, தன்னை எப்படி ரிப்பேர் பண்றதுன்னு தானே சொல்லித் தருது. நான் இதைக் காலேஜ்ல, லேப்டாப்ல பார்த்தேன். ரூம்மேட் முன்னாடி அழக்கூடாதுன்னு தண்ணி குடிக்க எழுந்து போனேன்.

(அந்தப் படத்தோட ஹீரோ பென் ஒரு இந்தியர். நடிச்சது ஃபிஷர் ஸ்டீவன்ஸ் என்ற வெள்ளைக்காரர், முகத்துல பழுப்பு மேக்கப் போட்டுக்கிட்டு, உச்சரிப்பை வச்சுக் காமெடி பண்ணிக்கிட்டு. கடைசியில ரோபோவும் அவரும் சேர்ந்து அமெரிக்கக் குடியுரிமை வாங்குறாங்க. இரும்புக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த படம் எங்களுக்குக் கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கலாம்.)

அந்தக் காட்சி எல்லை மீறினதுன்னு பல பேர் சொல்றாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். அது கொடூரம்தான், ஆனா படம் அதைக் கொடூரம்னே காட்டுது. அடிச்சவன் கெட்டவன், அடி வாங்கினது ஒரு உயிர், அதைக் காப்பாத்தணும். ஒரு குழந்தைக்கு இதுல குழப்பம் இல்லை. பயம் இருக்கும், அழுகை இருக்கும், அது வேற.

எனக்கு உறுத்துறது அக்கா பையன் பார்த்ததுதான். அந்த டிராய்டுகளுக்குக் குரல் இருக்கு, பயம் இருக்கு. ஒண்ணு இன்னொண்ணுகிட்ட புலம்புது. புலம்பி முடிக்கிறதுக்குள்ள தலை போகுது, அது ஜோக். அதே தொடர்ல, முதல் சீசன்லயே, ஆர்2-டி2 காணாமப் போனதும் அனகின் தவிச்சுப்போய்த் தேடுறான், அது வெறும் டிராய்டு இல்லை, என் நண்பன்கிறான். தேடிப் போற வழியில எத்தனை டிராய்டை வெட்டுறான்னு எண்ணிப் பாருங்க. ஒரு ரோபோவுக்கு உணர்ச்சி இல்லைன்னா இல்லைன்னு காட்டுங்க. இருக்குன்னா இருக்குன்னு காட்டுங்க. பயத்தையும் கொடுத்து, அந்தப் பயத்தைச் சிரிப்பாவும் ஆக்குறதுதான் எனக்கு எல்லை மீறல்.

'மெஷின்தானே, என்ன ஆயிடப் போகுது'ன்னு கேட்கலாம். ஜப்பான்ல ஒரு ஷாப்பிங் மால்ல ரோபோவை நடமாட விட்ட ஆராய்ச்சியாளர்கள், சின்னக் குழந்தைங்க அதை மறிக்கிறதையும் அடிக்கிறதையும் பார்த்தாங்க. பெரியவங்க பக்கத்துல இருந்தா அடி குறையும்னு தெரிஞ்சு, குழந்தைங்க கூட்டத்தைப் பார்த்தா பெரியவங்க பக்கம் ஓடிப்போற மாதிரி ரோபோவுக்குக் கோடு எழுதினாங்க. அடிச்ச பிள்ளைங்ககிட்ட பேசினப்போ, கிட்டத்தட்ட பாதிப் பேர் அதுக்கு வலிக்கும்னு நம்பினாங்க. நம்பியும் அடிச்சிருக்காங்க. இதுக்குப் படங்கள்தான் காரணம்னு நான் சொல்ல வரல. 'மெஷின்தானே'ங்கிற பதில் அந்தப் பிள்ளைங்ககிட்டயே செல்லாதுன்னுதான் சொல்றேன்.

நம்ம ஊருக்கு வந்தா 'எந்திரன்', 2010. எனக்குப் பதிமூணு வயசு, வீட்டோட போனோம், பாட்டியும் வந்தாங்க. வசீகரன் கோபத்துல சிட்டியைக் கோடாரியால வெட்டிக் குப்பையில போடுறப்போ பாட்டி "பெத்தவனே வெட்டுறானே"ன்னாங்க. கிளைமாக்ஸ்ல நூத்துக்கணக்கான சிட்டி. எல்லாத்துக்கும் ரஜினி முகம். உருண்டையாகுது, பாம்பாகுது, தியேட்டர்ல விசில். வசீகரன் கம்ப்யூட்டர்ல கட்டளை போட்டதும் அத்தனையும் தன்னைத்தானே அழிச்சுக்குது. அப்பவும் விசில்தான். சில நிமிஷம் கழிச்சுக் கோர்ட் உத்தரவு. ஒரே ஒரு சிட்டி நின்னு பேசிக்கிட்டே தன் உடம்பைத் தானே ஒவ்வொண்ணாக் கழட்டி வைக்குது. தியேட்டர்ல சத்தமே இல்லை. பாட்டி முந்தானையால கண்ணைத் துடைச்சாங்க. அதே முகம், அதே செயல்.

அந்தக் கடைசி அரை மணி நேரத்தைப் போன வாரம் அக்கா பையனுக்குப் போட்டுக் காட்டினேன். சிட்டி கழட்டுறதை வாயைத் திறந்துக்கிட்டுப் பார்த்தான். முடிஞ்சதும் கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம், "மாமா, மத்த சிட்டி எல்லாம்?"

"அதெல்லாம் காப்பிடா"ன்னேன். சொல்லும்போதே எனக்குச் சரியாப் படல. அவன் ரிமோட்டை எடுத்துப் பின்னாடி ஓட்ட ஆரம்பிச்சுட்டான்.

இந்த வாரம் இவ்வளவுதான். தள்ளி வச்ச தலைப்பு அடுத்த வாரம் வந்துடும். உங்களை அழ வச்ச ரோபோ எதுன்னு எழுதி அனுப்புங்க.