காசின் கருமை

நீலகிரி மலையில் இத்தலார் போன்ற ஊர்களில் பனியும் ஈரமும் மிகுதி. அங்கே ஒரு வீட்டுப் பழம்பெட்டியில் விக்டோரியா அரசியாரின் வெள்ளி ரூபாய் ஒன்று கிடைக்கிறதென்று கொள்வோம். அது கருத்திருக்கும். உடனே புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கக் கை துடிக்கும். மாணவர்களே, சற்றுப் பொறுங்கள்!

அந்த ரூபாயின் எடை 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு கூடுவதால் விளைவதே அக்கருமை. அது ஒட்டிய அழுக்கன்று, உருமாறிய வெள்ளியேயாகும். ஆகவே தேய்த்தால் கருமையோடு வெள்ளியும் போகும். நுண்ணிய வரிகளும் மழுங்கும்.

அப்படியாயின் எக்காசையும் தூய்மை செய்யலாகாதா? அதுவும் முழு உண்மையன்று. நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் வெளிப்படுத்திய பாண்டியர் சதுரச் செப்புக்காசில் குதிரை உருவமும், தமிழ்ப் பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்னும் பெயரும் உள்ளன. இத்தகைய காசுகளில் களிம்பு தடித்து மூடினால் மன்னன் பெயரே மறைந்துவிடும். மேலும், செம்பில் குளோரைடு உப்பும் ஈரமும் சேர்ந்தால் வெளிர்பச்சைத் தூள் பூத்து, காசையே அரித்துவிடும். அதைத் தடுத்தேயாக வேண்டும்.

ஆனால் அஃது அடுக்களைப் பணியன்று, ஆய்வுக்கூடப் பணி. சென்னை அருங்காட்சியகத்தில் 1930இல் அமைந்த வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையால் செப்புத் திருமேனிகளைக் காத்தார்.

ஆகவே, படிக்க முடிந்த காசை உலர்ந்த இடத்தில் அவ்வாறே வையுங்கள். படிக்க இயலாததையும் அரிபடுவதையும் வல்லுநரிடம் காட்டுங்கள். கருமை மீண்டும் படியும். தேய்த்திழந்த எழுத்தோ மீளாது.