மலைப்பாதையும் எரிபொருட் சிக்கனமும்

மலைநாட்டுத் தேயிலையின் வரலாற்றை எழுதியோர் துரைமாரையும் தொழிலாளரையும் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். அத்தேயிலையைக் கீழே இறக்கவும், தோட்டத்தார் உண்ணும் அரிசியை மேலே ஏற்றவும் எவ்வளவு எரிபொருள் செலவாயிற்று என்று வினவியோர் மிகச் சிலரே.

இருப்புப்பாதை நாவலப்பிட்டியை 1874இலும், அட்டனை 1884இலும், நானுஓயாவை 1885இலும் அடைந்தது. பின்னர் அது பட்டிப்பொலவுக்கு அண்மையில் 6,226 அடி உயரத்தை எட்டிற்று. நாற்பத்து நான்கு அடிக்கு ஓரடி உயரும் ஏற்றம் அது. இலங்கையிலோ நிலக்கரி இல்லை. கடல் கடந்தே வரவேண்டும்.

நீராவி எந்திரத்திற் சிக்கனத்துக்கு வழி வால்விலேயே உண்டு. உருளையுள் நீராவி புகும் வாயிலை முன்கூட்டியே மூடிவிட்டால், உள்ளே அகப்பட்ட நீராவி விரிந்து மிகுதி வேலையையும் செய்து முடிக்கும். ஜேம்ஸ் வாட் இவ்வுபாயத்துக்கு 1782இல் உரிமை பெற்றார். ஆனால் முன்கூட்டி மூடினால் இழுவை குறையும். சமநிலத்தில் அது பொருட்டன்று. அட்டன் ஏற்றத்திலோ சாரதி வாயிலை நெடுநேரம் திறந்தே வைக்கவேண்டியிருந்தது; விரியாத நீராவி புகைபோக்கி வழியே வீணாயிற்று. அதற்கு ஈடுசெய்தது தீயிடுவோனின் முதுகே எனலாம். 1927இல் வந்த கரற்று எந்திரம் ஒரே கொதிகலனால் இரு எந்திரத் தொகுதிகளை இயக்கி இழுவையைப் பெருக்கியது. 1954 முதல் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவிலிருந்து வந்த டீசல் எந்திரங்கள் வேறு வழி கண்டன. அவற்றில் டீசல் மின்னை ஆக்க, சில்லுகளைச் சுழற்றியவை மின்மோட்டார்கள்.

மோட்டார் வண்டியிலும் இதே சிக்கல் எழுந்தது. அங்கு வால்வைத் திறப்பது கேம் தண்டு. அதன் மேடுகளின் வடிவே காலத்தை விதிக்கும். உள்வாயில் வால்வு பிந்தி மூடுமாறு அம்மேட்டை மாற்றினால், உறிஞ்சிய கலவையிற் சிறிது வெளியே திரும்பிவிடும். அதனால் அமுக்கம் குறுகி, விரிவு நீளும், பெற்றோல் மிஞ்சும். அமுக்கத்தினும் விரிவை நீட்டும் எண்ணத்தை அற்கின்சன் 1880களில் நெம்புகோல்களாற் செய்து காட்டினார். வால்வு மூடும் காலத்தை மாற்றியே அதனைச் சாதிக்கும் முறைக்கு அமெரிக்கரான மில்லர் 1957இல் உரிமை பெற்றார். இங்கும் இழப்பு இழுவையே. நுவரெலியாவின் ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் எந்திரம் முன்னரே வலுக்குன்றியிருக்கும். கேம் தண்டை மட்டும் மாற்றிய வண்டி றம்பொடை வளைவுகளில் மூச்சு வாங்கும் என்பதில் ஐயமில்லை.

1997இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் இக்குறையை மின்மோட்டாரால் நிரப்பியது. இவ்வகைக் கலப்பு வண்டிகள் இன்று மலைநாட்டு வீதிகளிற் சாதாரணமாக ஓடுகின்றன. பட்டிப்பொல வரை ஏறச் செலவான கரியின் பயனெல்லாம் இறக்கத்தில் பிறேக்குக் கட்டைகளின் சூடாகவே போயிற்று. றம்பொடையில் இறங்கும் கலப்பு வண்டியோ சில்லின் சுழற்சியைக் கொண்டே தன் மின்கலத்தை நிரப்பிக்கொள்கிறது.