ஜாவாஸ்கிரிப்ட்டில் படிவ உள்ளீட்டுக் கணக்கீடு

படிவ உள்ளீட்டுக் கணக்கீடு என்பது, இணையப் பக்கத்தில் உள்ள படிவத்தின் பெட்டிகளில் பயனர் தட்டச்சு செய்யும் எண்களை எடுத்து, ஜாவாஸ்கிரிப்ட் நிரல் வழியாக உலாவியிலேயே கணக்கிட்டு விடை காட்டுவதாகும். வட்டிக் கணக்கு, மதிப்பெண் சராசரி, நில அளவை மாற்றம் ஆகியவை பரவலான எடுத்துக்காட்டுகள். நிரலாக்கம் பயிலத் தொடங்குவோர் முதலில் எழுதிப் பார்க்கும் நிரல்களுள் இது ஒன்று. பயில்வோர் செய்யும் வழுக்களில் பெரும்பாலானவை ஒரே காரணத்தால் எழுகின்றன: பெட்டியில் இருப்பது கண்ணுக்கு எண்ணாகத் தெரிந்தாலும், நிரலுக்கு அது எழுத்துகளாகவே வந்து சேர்கிறது. இவ்வழுக்கள் நிரலை நிறுத்துவதில்லை. எந்த எச்சரிக்கையும் இன்றித் தவறான விடையைத் தருகின்றன.

பின்னணி

நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக் 1995ஆம் ஆண்டு மே மாதத்தில் ஏறத்தாழ பத்து நாட்களில் ஜாவாஸ்கிரிப்ட்டின் முதல் வடிவை உருவாக்கினார். படிவத்தில் உள்ள பிழைகளை வழங்கிக்கு அனுப்பாமல் உலாவியிலேயே சரிபார்ப்பது இம்மொழியின் தொடக்ககாலப் பயன்களுள் முதன்மையானது. 1997 சூன் மாதத்தில் எக்மா-262 என்னும் பெயரில் இது தரப்படுத்தப்பட்டது.

எழுத்துகளின் தொடரைச் சரம் என்பர். படிவப் பெட்டியின் 'வேல்யூ' என்னும் பண்பு எப்பொழுதும் சரமாகவே கிடைக்கும். பயனரிடம் சிறு சாளரத்தில் கேள்வி கேட்கும் 'பிராம்ட்' செயற்கூறும் சரத்தையே தரும். ஜாவாஸ்கிரிப்ட்டில் + குறிக்கு இரண்டு வேலைகள் உண்டு: இருபுறமும் எண்கள் இருந்தால் கூட்டும், ஏதேனும் ஒருபுறம் சரம் இருந்தால் ஒட்டும். இவ்வழக்கம் ஜாவாவிலிருந்து வந்தது. பெர்ல், பி.எச்.பி. ஆகிய மொழிகளில் ஒட்டுவதற்குத் தனியாகப் புள்ளிக்குறி உள்ளது. பைத்தான் எண்ணையும் சரத்தையும் கூட்ட மறுத்துப் பிழை காட்டி நின்றுவிடும். பயில்வோருக்கு அம்மறுப்பே உதவியாக அமைகிறது என்று கூறலாம்.

மாறிகளுக்குத் தமிழில் பெயரிடுவதை ஜாவாஸ்கிரிப்ட் 1999ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பிலிருந்து அனுமதிக்கிறது. கீழே வரும் கூற்றுகள் அவ்வாறே எழுதப்பட்டுள்ளன.

நெல் மூட்டைக் கணக்கு

2020ஆம் ஆண்டு நாகப்பட்டினத்திலிருந்து பிரிக்கப்பட்ட மயிலாடுதுறை மாவட்டம் உள்ளிட்ட காவிரிப் படுகையில், தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி கொள்முதல் நிலையங்கள் நெல்லை 40 கிலோ மூட்டைகளாக எடை போடுகின்றன. விலையோ 100 கிலோ கொண்ட குவிண்டாலுக்குக் குறிக்கப்படுகிறது. மூட்டையிலிருந்து குவிண்டாலுக்கும், குவிண்டாலிலிருந்து ரூபாய்க்கும் மாற்ற ஒரு மாணவர் எழுதக்கூடிய படிவத்தை எடுத்துக்கொள்வோம். (இது விளக்கத்திற்காக அமைத்த படிவம், எந்த நிறுவனத்தின் மென்பொருளும் அன்று.) உழவர் ஒருவர் முதல் நடையில் 12 மூட்டையும், இரண்டாம் நடையில் 8 மூட்டையும் கொண்டுவருகிறார்.

மூட்டை = நடை1 + நடை2
எடை = மூட்டை * 40
தொகை = எடை / 100 * 2300

2,300 ரூபாய் என்பது 2024-25 கொள்முதல் பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு நடுவண் அரசு அறிவித்த ஆதரவு விலை. 20 மூட்டைக்கு எடை 800 கிலோ, தொகை 18,400 ரூபாய் என வரவேண்டும். ஆனால் முதல் வரியில் "12" என்பதும் "8" என்பதும் ஒட்டிக்கொண்டு "128" ஆகின்றன. அடுத்த வரியில் உள்ள பெருக்கல் குறிக்கு எண் மட்டுமே ஏற்பாதலால், அது அந்த "128" என்னும் சரத்தைத் தானாகவே எண்ணாக்கிப் பெருக்குகிறது. இறுதியில் 1,17,760 ரூபாய் என்ற விடை கிடைக்கிறது. அது எல்லா வகையிலும் முறையான எண்; தவறு நடந்த தடயம் அதில் இல்லை.

இவ்வழு சோதனையில் தப்பிவிடுவதும் உண்டு. இரண்டாம் நடை இல்லாத உழவருக்கு அப்பெட்டி வெறுமையாக இருக்கும். "12" உடன் வெற்றுச் சரம் ஒட்டினால் "12" தான். விடை சரியாகவே வரும். ஒரே நடையை வைத்துச் சோதித்த மாணவர் நிரல் சரி என்றே நம்புவார். கழித்தல், பெருக்கல், வகுத்தல் மூன்றும் சரங்களை எண்களாக மாற்றிக்கொள்வதால், சாக்கின் எடையைக் கழிக்கும் வரியும் பிழையின்றி இயங்கும். கூட்டல் ஒன்று மட்டுமே தவறுவது ஏன் என்று பயில்வோர் குழம்புவது இதனால்தான்.

கூற்றில் ஒரே ஒரு சரம் இருந்தாலும் போதும். அதே பருவத்தில் தமிழக அரசு சாதாரண ரகத்திற்குக் குவிண்டாலுக்கு 105 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்து 2,405 ரூபாய் வழங்கியது. ஊக்கத்தொகையைப் பெட்டியிலிருந்து எடுத்து 2300 + ஊக்கத்தொகை என்று எழுதினால் விலை "2300105" ஆகும். 8 குவிண்டாலுக்குக் கிடைக்க வேண்டியது 19,240 ரூபாய். திரையில் தோன்றுவது 1,84,00,840 ரூபாய். இத்தனை பெரிய தவறு எவர் கண்ணிலும் படும். 20 மூட்டை 128 ஆனது போன்ற தவறே கவனத்திற்குத் தப்பக்கூடியது.

குழிக்கணக்கு

படுகை ஊர்களில் இன்றும் பேச்சில் வழங்கும் நில அளவை இவ்வழுவை வேறொரு கோணத்தில் காட்டுகிறது. 144 சதுர அடி ஒரு குழி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. வேலி, மா, குழி என மூன்று பெட்டிகள் கொண்ட படிவத்தில்

மொத்தக்குழி = வேலி * 2000 + மா * 100 + குழி

என்று எழுதுவது இயல்பு. 1 வேலி 3 மா 25 குழி நிலத்திற்கு முதல் இரண்டு பகுதிகளும் பெருக்கப்படுவதால் எண்களாகி 2300 எனக் கூடுகின்றன. கடைசிப் பெட்டி எதனாலும் பெருக்கப்படவில்லை. ஆகவே 2300 உடன் "25" ஒட்டி "230025" ஆகிறது. ஏறத்தாழ 7.69 ஏக்கர் நிலம் 760 ஏக்கராகத் தெரியும். குழிப் பெட்டியில் 0 இட்டால்கூட "23000" ஆகிப் பத்து மடங்காகும். அப்பெட்டியை வெறுமையாக விட்டால் மட்டும் விடை சரி.

எண்ணாக மாற்றுதல்

தீர்வு, பெட்டியிலிருந்து எடுத்தவுடனேயே எண்ணாக மாற்றிவிடுவது. இதற்குப் பல வழிகள் உள்ளன. அவை ஒன்றுபோல் செயல்படுவதில்லை.

மாறியின் முன் + குறி இடுவது சுருக்கமான வழி: மூட்டை = +நடை1 + +நடை2. படிப்பவருக்கு எளிதில் புரியாது என்பதால் 'நம்பர்' செயற்கூற்றையே பலர் விரும்புவர். இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. 'நம்பர்' கண்டிப்பானது. "12 மூட்டை" என்று கொடுத்தால் ஏற்காது; 'நேன்' (எண் அல்லாதது) என்னும் சிறப்பு மதிப்பைத் தரும். ஆனால் வெற்றுச் சரத்தை மட்டும் 0 எனக் கொள்ளும். எடை நிரப்ப மறந்த படிவமும், எடை சுழியம் என்று நிரப்பிய படிவமும் அதற்கு ஒன்றே. எனவே மாற்றுவதற்கு முன் பெட்டி வெறுமையா எனத் தனியே பார்த்தல் வேண்டும்.

'பார்ஸ்இன்ட்', 'பார்ஸ்ஃபுளோட்' ஆகியவை இளகியவை. சரத்தின் தொடக்கத்திலிருந்து எண்ணாகப் படிக்க முடிந்தவரை படித்து, மீதியை விட்டுவிடும். "12 மூட்டை" என்பது 12 ஆகும். இந்த இளக்கம் நம் நாட்டு எழுத்துமுறையில் பெருந்தீங்கு செய்யும்: "1,25,000" என்று காற்புள்ளியுடன் இட்டால் முதல் காற்புள்ளியிலேயே நின்று 1 என்று தரும். ஒன்றேகால் இலட்சம் ஒரு ரூபாய் ஆகிவிடும். 'நம்பர்' இதே சரத்திற்கு நேன் தரும்; அதனால் தவறு வெளிப்படும். காற்புள்ளிகளை முதலில் நீக்கிவிட்டு மாற்றுவதே முறை. 'பார்ஸ்இன்ட்' பின்னத்தையும் வெட்டிவிடும், 12.5 குவிண்டால் 12 ஆகும்.

பழைய நூல்களில் 'பார்ஸ்இன்ட்' உடன் 10 என்ற இரண்டாம் மதிப்பு எப்போதும் தரப்பட்டிருக்கக் காணலாம். முற்காலத்தில் சுழியத்தில் தொடங்கும் சரத்தை உலாவிகள் எட்டடிமான எண்ணாகக் கொண்டன. எட்டடிமானத்தில் 8, 9 ஆகிய இலக்கங்கள் இல்லையாதலால் "08", "09" இரண்டும் 0 ஆயின. ஆகஸ்டு, செப்டம்பர் மாதத் தேதிகளில் மட்டும் நிரல் தவறியது. 2009 திசம்பரில் வெளியான ஐந்தாம் பதிப்பு இதனை நீக்கியது.

தமிழ் இலக்கங்களையும் இங்குக் குறிப்பிட வேண்டும். ௧, ௨ முதலியவை ஒருங்குறியில் இடம்பெற்றவை. தமிழ்ச் சுழியம் 2005ஆம் ஆண்டின் 4.1 பதிப்பில் சேர்ந்தது. எனினும் மேற்கண்ட செயற்கூறுகளில் எதுவும் "௧௨" என்பதை 12 எனப் படிக்காது. நேன் என்றே தரும். தமிழ் இலக்கங்களை ஏற்கும் படிவம் எழுத விரும்புவோர் ஒவ்வொரு இலக்கத்தையும் தாமே மாற்றிக்கொள்ள வேண்டும். ௰, ௱, ௲ ஆகிய குறிகள் கலந்த பழைய முறை இலக்க இடமதிப்பைச் சார்ந்ததன்று. அதற்குத் தனி வழிமுறை தேவை.

நேன் கணக்கில் ஒருமுறை நுழைந்தால் கூட்டல், பெருக்கல் என எதனைச் செய்தாலும் நேனாகவே நீடிக்கும். அது தனக்குத்தானே சமம் ஆகாது. சமக்குறியால் அதனைக் கண்டறிய இயலாது. 2015ஆம் ஆண்டின் ஆறாம் பதிப்பில் சேர்க்கப்பட்ட 'நம்பர்.ஈஸ்நேன்' இதற்கெனவே உள்ளது.

எச்.டி.எம்.எல். 5 தரும் எண் வகைப் பெட்டி எழுத்துகளைத் தடுக்க உதவுமே தவிர, அதன் 'வேல்யூ'வும் சரமே. எண்ணல்லாத எதையேனும் பயனர் உள்ளிட்டால் அப்பெட்டி வெற்றுச் சரம் தரும். 'நம்பர்' அதனை 0 ஆக்கும். இவ்வகைப் பெட்டியின் 'வேல்யூஆஸ்நம்பர்' என்னும் பண்பு நேரடியாக எண்ணையும், பெட்டி வெறுமையானால் நேனையும் தருவதால் மேலானது.

ஒப்பீட்டு வழு

இரு சரங்களை ஒப்பிடும்போது ஜாவாஸ்கிரிப்ட் அகராதி வரிசையைப் பின்பற்றுகிறது. கையிருப்பில் 120 வெற்றுச் சாக்குகள் உள்ளன. உழவர் 95 மூட்டைக்கு நெல் கொண்டுவருகிறார். இரண்டும் பெட்டிகளிலிருந்து வந்திருந்தால், "95" என்பது "120" ஐ விடப் பெரியது என்றே நிரல் முடிவு செய்யும். ஏனெனில் 9 என்ற எழுத்து 1 என்ற எழுத்துக்குப் பின் வருவது. சாக்கு போதாது என்ற செய்தி தோன்றும். ஒருபுறம் நிரலிலேயே எழுதப்பட்ட எண்ணாக இருந்தால் மறுபுறமும் எண்ணாக்கப்பட்டு விடை சரியாகிவிடும். நேற்றுவரை சரியாக இயங்கிய ஒப்பீடு, வரம்பு எண்ணையும் பெட்டிக்கு மாற்றியதும் பழுதாவது இதனால்.

பின்ன எண்கள்

சரங்களை முறையாக மாற்றிய பின்னும் ஒரு சிக்கல் எஞ்சும். ஜாவாஸ்கிரிப்ட்டின் எண்கள் ஐ.இ.இ.இ. 754 தரப்படி 64 இரும இலக்கங்களில் சேமிக்கப்படுகின்றன. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் முடிவாக எழுத இயலாதது போல, பத்தில் ஒன்றை இருமத்தில் முடிவாக எழுத இயலாது. ஆகவே 0.1 + 0.2 என்பதன் விடை 0.30000000000000004. இதனை மொழியின் குறையாகச் சொல்வது தவறு. இதே தரத்தைப் பின்பற்றும் மற்ற மொழிகளிலும் இதுவே நிகழும்.

19.99 ரூபாயைப் பைசாவாக்க 100ஆல் பெருக்கினால் 1998.9999999999998 வரும். 'பார்ஸ்இன்ட்' கொண்டு வெட்டினால் 1998. ஒரு பைசா போய்விடும். 'மேத்.ரவுண்ட்' கொண்டு முழுமையாக்கினால் 1999. வெட்டுதலின் விளைவு சிறிதென்று எண்ணலாகாது. கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை 1982 சனவரியில் 1000 புள்ளிகளுடன் ஒரு குறியீட்டெண்ணைத் தொடங்கியது. ஒவ்வொரு மறுகணக்கீட்டிலும் மூன்றாம் தசமத்திற்குப் பிற்பட்டவை முழுமையாக்கப்படாமல் வெட்டப்பட்டன. 1983 நவம்பரில் குறியீட்டெண் 524.811 எனக் காட்டியது. திருத்திக் கணக்கிட்டபோது 1098.892 வந்தது.

பணத்தைப் பைசாவாகவும், எடையைக் கிராமாகவும் முழு எண்களில் வைத்துக் கணக்கிட்டு, காட்டும்பொழுது மட்டும் வகுப்பது நடைமுறையில் போதுமானது. 9,00,71,99,25,47,40,991 வரை முழு எண்கள் துல்லியமாகச் சேமிக்கப்படும்.

பிற வழுக்கள்

பெட்டியின் மதிப்பைப் பொத்தானை அழுத்தியபோது எடுக்காமல், பக்கம் திறக்கும்போதே ஒரு மாறியில் இட்டுவைப்பது மற்றொரு வழு. அப்போது பெட்டி வெறுமையாக இருந்ததால் எத்தனை முறை அழுத்தினாலும் விடை 0 தான். மதிப்பை எடுக்கும் வரி, பொத்தானுக்குரிய செயற்கூற்றின் உள்ளே இருக்க வேண்டும். ஒரு மாறி சரமா எண்ணா என்ற ஐயம் எழுந்தால் 'டைப்ஆஃப்' செயற்குறி விடை தரும். கணக்குத் தவறும் இடத்தில் முதலில் செய்யத்தக்க சோதனை இதுவே.

உலாவியில் செய்யும் சரிபார்ப்பைப் பயனர் எளிதில் தவிர்த்துவிட முடியும். ஆதலால் பணம் தொடர்பான கணக்கை வழங்கியிலும் மீண்டும் செய்வது கட்டாயம்.

விடையை இரு தசம இடங்களுடன் காட்ட 'டூஃபிக்ஸ்ட்' பயன்படுகிறது. அது தருவதும் சரமே. 18,400 ரூபாயை "18400.00" என மாற்றிய பின், அதனுடன் ஊக்கத்தொகை 840 ரூபாயைக் கூட்ட முனைந்தால் "18400.00840" என ஒட்டிக்கொள்ளும். எல்லாக் கூட்டலும் முடிந்த பிறகு, திரையில் எழுதும் வரியில் மட்டுமே இச்செயற்கூற்றை அழைக்க வேண்டும்.