பீரோக் கதவில் எழுதிய பெயர்கள்

ஒரு பள்ளிக்கூடத்தின் பழங்கதை தெரிய வேண்டுமானால் பழைய பதிவேடுகளைத் தேடிப் போகாதீர்கள். பாதியைக் கரையான் தின்றிருக்கும். மீதி சாக்குக் கயிற்றில் கட்டிப் பரண்மேல் கிடக்கும். தலைமையாசிரியர் அறைக்குள் போய் பீரோக் கதவுகளைப் பாருங்கள். மேலூர்ப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பள்ளியின் வரலாற்றை அந்தக் கதவுகளில்தான் படித்தேன்.

'உபயம்: 1987–88 பத்தாம் வகுப்பு ஆ பிரிவு மாணவ மாணவியர்' என்று ஒரு பீரோவில் இருக்கும். அடுத்ததில், சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர் தன் அய்யாவின் பெயரை எழுதி வைத்திருப்பார். மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் எழுத்து. விசிறி ஓடும்போது யாரும் படிக்க முடியாது என்பதைக் கொடுத்தவர் யோசித்திருக்க மாட்டார். ஆசிரியர் ஓய்வறையின் சுவர்க் கடிகாரத்துக்குள் ஒரு மணமக்கள் படம். மணப்பெண் எங்களிடம் படித்தவள். கல்யாணத்துக்கு வந்த கடிகாரங்களில் ஒன்றைப் பள்ளிக்குத் தந்துவிட்டாள். பத்து நிமிடம் முந்தி ஓடும் அதைப் பார்த்துத்தான் கடைசி மணி அடிப்போம். பிள்ளைகளிடமிருந்து ஒரு புகாரும் வந்ததில்லை.

கொடுத்துவிட்டுப் பெயர் எழுதி வைப்பது எங்கள் வட்டாரத்துக்குப் புதிதல்ல. மாங்குளத்தை ஒட்டிய மீனாட்சிபுரம் மலையில், சமணத் துறவிகளுக்குக் கல்லில் படுக்கை வெட்டிக் கொடுத்தவர்களின் பெயர்கள் தமிழ்ப் பிராமியில் இருக்கின்றன. நெடுஞ்செழியனின் பணியாளான கடலன் வழுதி ஒருவர். வெள்ளறை நிகமத்தார் என்ற வணிகர் குழு இன்னொன்று. ஏறக்குறைய 2,200 ஆண்டுக்கு முந்தைய உபயம் அது. வகுப்பில் இதைச் சொன்னபோது பின்வரிசைப் பையன் ஒருவன், "அப்ப அந்த நிகமத்தாருதான் நம்ம ஊரு முதல் பேட்ச்சா அய்யா?" என்று கேட்டான். சரியாகத்தான் கேட்டான்.

பள்ளிக்கூடத்துக்கென்று ஊரே சேர்ந்து கொடுத்த வழக்கத்தைத் தேடினால் மதுரைக்குத் தெற்கே விருதுநகருக்குப் போக வேண்டும். 1889-ல் அங்கே தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை பிடியரிசியில் வளர்ந்த பள்ளி. உலை வைக்கும்போது வீட்டுப் பெண்கள் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டு வைப்பார்கள். பள்ளிக்காரர்கள் வந்து வாங்கிப் போவார்கள். கடைவீதியில் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை பிடிக்கும் உறவின்முறை, பள்ளியையும் தன் தலையில் போட்டுக்கொண்டது. அங்கே படித்து, பாதியில் படிப்பை விட்டவர்தான் காமராசர். பின்னாளில் அவர் முதலமைச்சரானதும் என்ன செய்தார் என்பதைப் புரிந்துகொள்ள அந்தப் பானையை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

மதுரை நகரத்துக்குள் பாணி வேறு. 1901 செப்டம்பர் 14-ல் பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கினார். சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று தேர்வுகள் வைத்தது. தேறியவனைச் சபையில் நிறுத்திப் பாராட்டுவது அரண்மனை வழக்கம். கொடுப்பவர் உயரத்தில், வாங்குபவர் தாழ்வில். பள்ளி ஆண்டு விழாக்களின் மேடை இன்றைக்கும் அந்த அமைப்பில்தான் இருக்கிறது. நாற்காலியில் பெரியவர்கள், தரையில் பிள்ளைகள், நடுவில் ஒரு மேசை நிறையப் பரிசு.

மதுரை ஆண்டு விழாக்களில் இன்னொரு வழக்கமும் உண்டு. சிறப்பு விருந்தினர் யாராக இருந்தாலும், எந்தப் பள்ளியாக இருந்தாலும், சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் பாரதி வேலை பார்த்ததைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்க மாட்டார். 1904 ஆகஸ்ட் 1 முதல் நவம்பர் 10 வரை, விடுப்பில் போன அரசன் சண்முகனாருக்குப் பதிலாகத் தற்காலிகத் தமிழாசிரியர். சம்பளம் 17 ரூபாய் 8 அணா. எனக்கு இதில் பிடித்தது அந்த 'தற்காலிக' என்ற சொல். எங்கள் பக்கப் பள்ளிகளில் ஊர்ப் பணத்தில் சம்பளம் வாங்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்துத் தற்காலிக ஆசிரியர்களை மேடையில் ஏற்றிப் பாராட்டியதை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன்.

பிடியரிசிக் கதையை இனிப்பாக மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. உறவின்முறைப் பள்ளி என்றால் ஒரு சமூகத்தின் பள்ளி. மதுரையில் சௌராஷ்டிரர் தங்கள் சபை வழியாகப் பள்ளி நடத்தினார்கள், அமெரிக்க மிஷன் பசுமலையிலும் நகருக்குள்ளும் நடத்தியது, ஆளுக்கொரு கூரை. சேர்த்து வைக்கக் கைப்பிடி அரிசி மிஞ்சாத வீடுகளுக்கும், மகமை பிடிக்கக் கடைவீதி இல்லாத சாதிகளுக்கும் கூரை எங்கே? உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கதை இன்னும் கசப்பு. 1911-ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டத்தைப் பிறமலைக் கள்ளர் மீது பாய்ச்சினார்கள். அந்தச் சட்டப்படி கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ல் துப்பாக்கிச் சூடு. 16 பேர் செத்தார்கள். அதன் பிறகுதான் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் வரிசையாக வந்தன. அப்பன் பெயர் போலீஸ் ஸ்டேஷன் ரிஜிஸ்டரில், பிள்ளை பெயர் பள்ளி ரிஜிஸ்டரில். 1947-ல் சட்டம் ஒழியும் வரை இரண்டையும் ஒரே சர்க்கார்தான் எழுதிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் ஒரு பையன் எட்டாவது தேறியதை அந்த வீடு எப்படிக் கொண்டாடியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன்.

காமராசர் காலத்துக்கு வருவோம். 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கினார்கள். ஒரு சாப்பாட்டுச் செலவில் அரசு ஒரு பங்கு, ஊர் ஒரு பங்கு. பிடியரிசிப் பானை இப்போது சாதி எல்லையைத் தாண்டி வந்துவிட்டது. 1958-ல், கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் முயற்சியில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. முதல் மாநாடு கடம்பத்தூரில். பிறகு மாவட்டம் மாவட்டமாக. பள்ளிக்கு என்னென்ன குறை என்று ஆசிரியர்கள் பட்டியல் போடுவார்கள், ஊரார் ஆளுக்கொன்றாக ஏற்றுக்கொள்வார்கள், மாநாட்டன்று பொருளோடு வருவார்கள். மேசை, நாற்காலி, கரும்பலகை, சீருடைத் துணி, பானை, நிலம். எங்கள் ஊரிலிருந்து ஒரு மாட்டுவண்டியில் இரண்டு பெஞ்சும் ஒரு குடிநீர்த் தொட்டியும் போனதாக அய்யா சொல்வார். வண்டி மாட்டுக்குக் கொம்பு சீவி, சலங்கை கட்டி, மஞ்சுவிரட்டுக்குப் போகும் அலங்காரத்தில் ஓட்டிப் போனார்களாம். பெஞ்சு யார் வீட்டு மரத்தில் செய்தது என்ற சண்டை அதற்குப் பிறகும் பல காலம் ஓடியது.

நான் படித்தபோது ஆண்டு விழா என்றால் முதலில் வருவது ரேடியோ செட். காலையிலேயே வேப்பமரத்தில் குழாயைக் கட்டிவிடுவார்கள். 'மைக் டெஸ்ட்டிங்' சத்தம் கேட்டதும் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை முடித்துக் கரையேறுவார்கள். ஊரே வரும். பரிசு என்பது சோப்பு டப்பா, எவர்சில்வர் தம்ளர், முதலாவது வந்தவனுக்கு ஒரு திருக்குறள் உரைப் புத்தகம். ஓட்டப் பந்தயத்துக்கு, கட்டுரைக்கு, பேச்சுக்கு, கோலத்துக்கு, ஒருநாள்கூட லீவு போடாமல் வந்தவனுக்கு என்று பரிசு கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். லீவு போடாத பரிசை எனக்குத் தந்தார்கள். வீட்டில் ஆடு மேய்க்கச் சொல்வார்கள் என்று பயந்து நான் பள்ளிக்கு ஓடி வந்ததை எந்த மேடையிலும் சொன்னதில்லை. படிப்பில் கடைசியாக நின்ற ஒருவன் உறியடியில் முதல் பரிசு வாங்கினான். அவன் பாட்டி மேடைக்கு வந்து அவனுக்குத் திருஷ்டி கழித்துவிட்டுத்தான் இறங்கினாள். மாவட்டக் கல்வி அதிகாரி எழுந்து நின்று வழிவிட்டார்.

இந்தக் கலகலப்பு எப்போது சுருங்கியது என்று கேட்டால் நான் பிளஸ் டூ வந்த காலத்தைத்தான் சொல்வேன். பதினொன்றாம் வகுப்போடு முடிந்த பழைய எஸ்.எஸ்.எல்.சி. 1978-ல் மாறி, 1980-ல் முதல் பிளஸ் டூ அணி தேர்வெழுதியது. தேர்வு முடிவு நாளில் மாலைப் பத்திரிகைக்காகப் பஸ் ஸ்டாண்டில் கூட்டம் அலைமோதும். பக்கம் பக்கமாகப் பதிவெண்கள். நம் எண் இருந்தால் தேறினோம். முன்னெண்ணும் பின்னெண்ணும் இருந்து நம் எண் மட்டும் இல்லாமல் போனால் அந்தப் பத்திரிகையை மடித்து வைத்துக்கொண்டு எந்த வீட்டுக்குப் போவது? மறுநாள் காலைப் பத்திரிகையில் மாநில முதல் மூன்று இடங்களைப் பிடித்தவர்களின் படம். அம்மா லட்டு ஊட்டுவார், பிள்ளை டாக்டராவேன் என்று சொல்லும்.

பிறகு பிளெக்ஸ் வந்தது. மதுரையில் காதணி விழாவுக்கே நாற்பதடி பிளெக்ஸ் வைக்கிறவர்கள் நாங்கள். மதிப்பெண்ணுக்கு வைக்க மாட்டோமா? தனியார் பள்ளிகள் ஏப்ரல், மே மாதங்களில் ரோடு நெடுக முகங்களை நட்டன. பக்கத்து விருதுநகர் தேர்ச்சி விகிதத்தில் ஆண்டுதோறும் முதலில் நிற்பதைக் காட்டி எங்களை மேலதிகாரிகள் வறுத்தெடுத்தார்கள். காலை ஏழு மணிக்குச் சிறப்பு வகுப்பு, இரவு எட்டு வரை படிப்பு. கோலப் போட்டியும் உறியடியும் எங்கே நிற்கும்? ஒரு பிள்ளையைக் கொண்டாட மற்ற பிள்ளைகளைக் கைதட்ட உட்காரவைத்த காலம் அது. 2017-ல் அரசு தரவரிசை அறிவிப்பை நிறுத்தியபோது எங்கள் ஆசிரியர் அறையில் வருத்தப்பட்டவர்கள் உண்டு. நான் அன்றைக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அதை ஒட்டிய ஆண்டுகளில்தான் இந்தப் பக்கம் கல்விச் சீர் பரவியது. மேலூர், சிவகங்கை, புதுக்கோட்டைக் கிராமங்களில் இன்று சாதாரணமாகப் பார்க்கலாம். மதுரைப் பக்கம் விசேஷத்துக்குச் செய்வதைச் 'செய்முறை' என்போம். வீட்டுக்கு வீடு செய்முறை நோட்டு இருக்கும். யார் வீட்டுக் காதுகுத்துக்கு யார் என்ன செய்தார்கள் என்று தலைமுறைக் கணக்கு. தங்கச்சி பிள்ளைக்குத் தாய்மாமன் சீர் கொண்டுபோவதைப்போல ஊர் பள்ளிக்குக் கொண்டுபோகிறது. மந்தையில் கூடுவார்கள். தவில், நாதஸ்வரம் அல்லது பறை. முன்னால் பெண்கள் தாம்பாளங்களோடு. பழம், பூ, சாக்பீஸ் டப்பா, நோட்டு, அகராதி. பின்னால் ஆண்கள் தோளில் நாற்காலி, உலக உருண்டை, கேரம் போர்டு, தண்ணீர் டிரம். கடைசியில் டிராக்டரில் பீரோ. பள்ளி வாசலில் ஆசிரியர்கள் சந்தனமும் பன்னீரும் கொடுத்து வரவேற்க வேண்டும். முதல் தடவை பன்னீர்ச் செம்பைப் பிடித்து நின்ற கணக்கு வாத்தியார், "சார், நாம பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று என் காதில் கேட்டார்.

முதல் மரியாதைக்கு மல்லுக்கட்டும் பூமி இது. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் எந்தத் தெருவின் தட்டு முன்னால் போவது என்று முட்டிக்கொண்டது. காலனித் தெருக்காரர்களைப் பின்னால் வரச் சொன்னார்கள். தலைமையாசிரியை நேரே மந்தைக்குப் போனார். "தட்டை எங்க பிள்ளைகள் தூக்கிக்குவாங்க. ரோல் நம்பர் வரிசையில வருவாங்க. நீங்க பின்னால கைவீசி வாங்கண்ணே" என்றார். பெயரின் முதலெழுத்து வரிசையில் ஊர்வலம் போனது. அதை எதிர்த்து வாதாட அன்றைக்கு யாருக்கும் வாய் வரவில்லை. அடுத்த ஆண்டு என்ன ஆனது என்று நான் விசாரிக்கவில்லை, விசாரிக்கப் பயம்.

சீர்த்தட்டில் துடைப்பமும் பினாயிலும் வருவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபமும் வரும். இதெல்லாம் சர்க்கார் வாங்க வேண்டியவை. 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்று அரசே நன்கொடைக்கு ஒரு திட்டம் தொடங்கியது. 2024 தொடக்கத்தில் எல்லா அரசுப் பள்ளிகளிலும் ஆண்டு விழா நடத்தப் பணமும் ஒதுக்கியது. பணம் வந்ததில் மகிழ்ச்சி. ரேடியோ செட்டுக்குப் பதில் எல்இடி திரை வந்தது, பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடினார்கள், பாட்டிமார் மண்தரையில் உட்கார்ந்து விசில் அடித்தார்கள். லீவு போடாததற்கும் பரிசு கொடுங்கள் என்று நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார்கள்.

அதே 2024 ஜனவரியில் யானைமலை அடிவாரத்தில் கொடிக்குளத்தில் நடந்ததைத் தமிழ்நாடே பேசியது. வங்கி ஊழியரான ஆயி பூரணம் அம்மாள், மறைந்த மகளின் நினைவாக, ஊரின் ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்கு 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை எழுதிக் கொடுத்தார். மதிப்பு 7 கோடி ரூபாய் என்றார்கள். பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக உயர்த்த வேண்டும், கட்டடத்துக்கு மகள் பெயர் வைக்க வேண்டும் என்பது வேண்டுகோள். குடியரசு நாளில் முதலமைச்சர் அவருக்குச் சிறப்பு விருது கொடுத்தார். அடுத்த சில வாரங்களில் அவர் இன்னும் 91 சென்ட் கொடுத்தார். எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை ஒன்பதாவதுக்கு வெளியூர் அனுப்பிக்கொண்டிருந்த ஊர் அது.