களரியும் மற்களமும்
மன்னார்க் கூத்துப் பார்வையாளரும் தொலைக்காட்சி மல்யுத்த இரசிகரும்

ஈழத்து நாட்டுக்கூத்துப் பற்றி எழுந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஏட்டையும் ஆட்டத்தையும் பாட்டையும் உடையையுமே பொருளாகக் கொண்டுள்ளன. களரியின் முன்னே விடியும்வரை அமர்ந்திருந்து, எவன் அரசனாக நின்றான், எவன் அரசனாக நிற்கத் தவறினான் என்று தீர்ப்புக் கூறிய மக்களைப் பற்றி அவற்றிற் காணப்படுபவை சில வரிகளே. இக்குறை தற்செயலாக நேர்ந்ததன்று. கூத்துப் பார்ப்போர் கதையை மெய்யென நம்பி அழும் பேதை மக்கள் என்ற எண்ணம் கற்றோரிடையே நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. அதே எண்ணமே பிற்காலத்தில் தொலைக்காட்சி மல்யுத்தம் பார்ப்போர்மீதும் சுமத்தப்பட்டது. முடிவு முன்னரே வகுக்கப்பட்ட ஒரு சண்டையைப் பார்த்து ஆர்ப்பரிப்பவர் அறிவிற் குறைந்தவராகவே இருத்தல் வேண்டும் என்பது குற்றச்சாட்டு. மன்னாரின் கூத்து மரபை அறிந்தோர்க்கு இது பழகிய குற்றச்சாட்டேயாகும்.

மன்னார்த் தீவு 1560இற் போர்த்துக்கேயர் கைப்பட்டது. 1658இல் ஒல்லாந்தரிடம் சென்றது. இடைப்பட்ட ஏறத்தாழ நூறாண்டுக் காலத்திற் கத்தோலிக்க சமயம் தீவிலும் எதிர்க்கரையாகிய மாதோட்டத்திலும் ஆழ வேர்விட்டது. அதன் பேறாகப் பிற்காலத்தில் எழுந்த கூத்துகளுள் ஒன்றின் பெயரே இவ்வரலாற்றுக்குச் சான்று பகரும். ‘எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்’ என்பதில் எண்டிறீக்கு என்பது என்றிக்கே என்னும் போர்த்துக்கேயப் பெயர். எம்பரதோர் என்பது பேரரசனைக் குறிக்கும் அம்மொழிச் சொல்லின் தமிழ் வடிவம். இந்நாடகத்தை 1964இலும், ‘மூவிராசாக்கள் நாடக’த்தை 1966இலும், ‘ஞானசவுந்தரி நாடக’த்தை 1967இலும் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்தார். ஏட்டிலும் அண்ணாவிமார் நினைவிலும் கிடந்தவை அச்சேறியமையால் அவை கற்றோர் கவனத்துக்கு வந்தன. மன்னார்க் கூத்துகளை வடபாங்கு என்றும் தென்பாங்கு என்றும் பிரிப்பர். முன்னையதற்கு யாழ்ப்பாணப் பாங்கு, பின்னையதற்கு மாதோட்டப் பாங்கு என்ற பெயர்களும் உண்டு. பல இரவுகள் தொடர்ந்து ஆடப்படுவது நாடகம். அதனை ஓரிரவில் முடியுமாறு சுருக்கியது வாசாப்பு. இப்பகுப்புகள் பற்றி எழுதப்பட்டவை பலவாதலின் ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை.

கவனிக்க வேண்டியது வேறொன்று. மூவிராசாக்கள் கதையின் முடிவை அறியாதார் அக்களரியின் முன் ஒருவரேனும் இருந்திருக்க முடியாது. கீழ்த்திசை அரசர் மூவரும் பாலனைக் கண்டு வணங்குவர், ஏரோது வஞ்சிக்கப்படுவான், குழந்தைகளைக் கொல்விப்பான், ஆயினும் தான் தேடிய குழந்தையைக் காணான். நற்செய்தியிற் கேட்டு, கோயிற் பிரசங்கத்திற் கேட்டு, முன்னைய ஆண்டுகளின் கூத்திலும் பார்த்த கதை இது. ஞானசவுந்தரியின் வெட்டுண்ட கைகள் மாதாவின் அருளால் மீண்டும் வளரும் என்பதையும் சிறு பிள்ளைகள் முதலாக யாவரும் அறிவர். முடிவை அறிந்தவர் ஏன் பனியிலும் குளிரிலும் விடியும்வரை விழித்திருந்தனர்?

முடிவைக் காண்பதற்கன்று, முடிவுவரை செல்லும் வழியைக் காண்பதற்கே அவர்கள் வந்தனர். அரசனின் வரவில் மத்தளத்தோடு கால் பொருந்தியதா, உச்சத்திற் குரல் நின்றதா, பிற்பாட்டுக்காரர் எடுத்துக் கொடுக்கும்வரை காத்து நிற்க நேர்ந்ததா என்பனவே அவர்தம் வினாக்கள். கத்தோலிக்கக் கூத்துகளில் ஒரே பாத்திரத்தை ஒருவருக்குப்பின் ஒருவராகப் பலர் ஏற்று ஆடும் வழக்கம் இருந்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. இரவு நீண்டது, ஒருவர் குரல் அவ்வளவு நேரம் தாங்காது என்பது ஒரு காரணம். ஊரவர் பலர்க்கும் இடமளிக்க வேண்டியிருந்தது என்பது மற்றொன்று. காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றே. அதே முடியும் அதே செங்கோலும் வெவ்வேறு உடல்களில் அடுத்தடுத்துத் தோன்றியபோது, பாத்திரம் வேறு, அதனைத் தாங்குபவன் வேறு என்பதைப் பார்வையாளர் எவ்வித ஆய்வு நூலும் இன்றியே கற்றுக்கொண்டனர். ஏரோதினை வெறுத்துக்கொண்டே ஏரோதாக ஆடியவனைப் புகழ்வதற்கு அவர்கட்கு எத்தடையும் இருக்கவில்லை. கொடியவன் கொடியவனாக நில்லாவிடின் அரசர் மூவரின் வழிநடைக்கும் பொருளில்லை அல்லவா?

இனி மல்யுத்தத்தின் பக்கம் திரும்புவோம். அது என்றும் நாடகமாக இருந்ததில்லை. 1910 செப்தெம்பர் 10ஆம் திகதி இலண்டனில் இந்திய மல்லர் காமாவும் போலந்து நாட்டவரான சிபிஸ்கோவும் பொருதினர். அது மெய்ச்சண்டை. காமாவின் வலிமையைத் தாங்கமாட்டாத சிபிஸ்கோ விரிப்பிற் படிந்து, இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாக எழாது கிடந்தார். வெற்றி தோல்வியின்றி அது முடிந்தது. மறுபடி பொருதுவதற்குக் குறித்த நாளிற் சிபிஸ்கோ வரவில்லை. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின்னர், 1928இற் பாட்டியாலாவிற் காமா அவரை ஒரு நிமிடத்துக்குள் வீழ்த்தினார். ஒன்று முடிவின்றி நீள்கிறது. மற்றது இருக்கையில் அமருமுன் முடிந்துவிடுகிறது. பணங்கொடுத்து வந்தவர்க்கு மெய்ச்சண்டை அளிக்கக் கூடியது இவ்வளவே என்பதை மேலைநாட்டு ஏற்பாட்டாளர் விரைவிற் கண்டுகொண்டனர். காலவரையறை விதித்து, தாவலும் எறிதலும் கூட்டி, முடிவைத் தாமே வகுத்தனர். 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவிற் தொலைக்காட்சி பரவியபோது இது வீட்டுக்குள் வந்தது. நறுமணம் தெளித்துக்கொண்டு, மினுங்கும் அங்கியோடு செருக்கி நடந்த கோர்ஜஸ் ஜோர்ஜ் என்பவரை வெறுப்பதற்காகவே மக்கள் பெட்டியின் முன் அமர்ந்தனர் எனின் மிகையாகாது.

தமிழர் பேச்சு வழக்கில் இக்கலை புகுந்தது தாராசிங், கிங்கொங் என்னும் இரு பெயர்களின் வழியாகவாகும். பஞ்சாபியரான தாராசிங்கும், இருநூறு கிலோ அளவு எடைகொண்டவராகக் கூறப்பட்ட அங்கேரியர் கிங்கொங்கும் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் இந்திய நகரங்களிலும் மீண்டும் மீண்டும் பொருதினர். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் ஈழத் தமிழரும் தமிழகத் தமிழரும் நிறைந்திருந்தனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. ஒருவர் வீரர், மற்றவர் அரக்கர் என்னும் பகுப்பு இங்கு கூத்தின் முடியும் தாடியும் போலவே தெளிவாக இருந்தது.

இலங்கையில் 1979இற் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாகினியும் தொடங்கின. மன்னாரின் நிலை சற்று வேறானது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடலே உள்ளது. உயர்ந்த அலைவாங்கிக்குக் கொழும்பினும் இந்தியக் கரை அண்மையது. ஆயின் 1990இன் பின்னர் போரும் இடப்பெயர்வும் மின்தடையும் வடபுலத்து வாழ்வைக் குலைத்தன. கொழும்பிலிருந்து தலைமன்னார் சென்ற புகைவண்டியே அவ்வாண்டு நின்று 2015இலேதான் மீண்டது. தெற்காசியாவிற் செய்மதி அலைவரிசைகள் மல்யுத்தத்தைப் பரவலாக்கியது அந்த ஆண்டுகளிலேயே என்பதால், வடபுலத்தார் அதனை ஒருங்கே பெறவில்லை. துண்டு துண்டாகவே பெற்றனர்.

1989 பெப்ரவரியில் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநில அவையில், தமது மல்யுத்தம் போட்டியன்று, பொழுதுபோக்குக் காட்சியே என்று அந்நாட்டின் முதன்மை மல்யுத்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. விளையாட்டுக்குரிய வரியிலிருந்தும் மேற்பார்வையிலிருந்தும் விடுபடுவதே நோக்கம். பேதை மக்கள் ஏமாற்றப்படுகின்றனர் என்ற கருத்துச் சரியாயின் அன்றோடு அரங்குகள் வெறுமையாகியிருத்தல் வேண்டும். அவ்வாறு நிகழவில்லை, அடுத்த பத்தாண்டு முடியுமுன் அதன் வருவாய் முன்னில்லாத அளவுக்குப் பெருகிற்று. பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலன் பார்த் 1957இல் வெளியிட்ட நூலில், மல்யுத்தம் விளையாட்டன்று, காட்சி. அதனைக் காண்போர்க்கு அது வகுக்கப்பட்டதா என்பது பொருட்டன்று என்று முன்னரே எழுதியிருந்தார். அவர் அதற்குக் கிரேக்க நாடகத்தை ஒப்புக் காட்டினார். மன்னார்க் களரியைக் கண்டிருப்பின் அவ்வளவு தூரம் செல்ல வேண்டியிருந்திராது.

இரசிகர் விவாதிப்பவை எவை என்று நோக்கின் ஒப்புமை மேலும் தெளிவாகும். இவன் வென்றானா என்று அவர்கள் கேட்பதில்லை; இவன் வெல்லவைக்கப்பட்டது தகுமா என்றே கேட்கின்றனர். கதை தொடர்பற்றுப் போயிற்று, நேற்றைய பகை இன்று மறக்கப்பட்டது, பேசத் தெரியாதவனை முதல்வனாக்கினர் என்பன அவர்தம் முறைப்பாடுகள். இவை அண்ணாவியாரிடம் ஊரவர் கூறக்கூடிய முறைப்பாடுகளே. ஆனால் ஒரு வேறுபாடு பெரிது. அண்ணாவியாரால் ஏரோதுவை வெல்லவைக்க இயலாது. மல்யுத்த ஏற்பாட்டாளரால் இயலும். 2014 சனவரியில் நிறுவனம் பட்டிஸ்டா என்பவரை முன்னிறுத்தியபோது அரங்கு முழுவதும் அவரை இகழ்ந்து, உருவத்திற் சிறியவரான டானியல் பிறையன் பெயரைக் கூவியது. அவ்வாண்டு ஏப்ரல் 6ஆம் திகதி நியூ ஓர்லியன்சில் நடந்த பெருவிழாவில் முடி சூடியவர் பிறையனே. ஏட்டை மாற்றி எழுதியவர் பார்வையாளர்.

தமிழ்க் கூத்திலும் ஏடு மாறியதுண்டு; ஆயின் மாற்றியது பல்கலைக்கழகம். பேராதனையில் வித்தியானந்தன் 1965இல் மேடையேற்றிய ‘இராவணேசன்’, மட்டக்களப்பு வடமோடி ஆட்டத்திலேயே இராவணனை வீழ்ச்சியுறும் வீரனாக நிறுத்திற்று. முடிவு மாறவில்லை, இராவணன் வீழ்ந்தான். மாறியது, யாருக்காக இரங்குவது என்பதே.

கொடியவன் யார் என்பது எங்கே அமர்ந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. 1997இல் கனடியரான பிரெற் ஹார்ட் அமெரிக்க அரங்குகளிற் கொடியவனாக இகழப்பட்டார். அதே ஆண்டு யூலை 6ஆம் திகதி தம் சொந்த நகரமாகிய கல்கரியில் வீரனாக வாழ்த்தப்பட்டார். அவர் தம் நடையையோ பேச்சையோ மாற்றிக்கொள்ளவில்லை. மன்னாரில் இதற்கு மல்யுத்தத்தினும் பழைய எடுத்துக்காட்டு உண்டு, அது விளையாட்டன்று. 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி படையோடு வந்து, புதிதாக ஞானஸ்நானம் பெற்ற மன்னார் மக்கள் ஏறத்தாழ அறுநூறு பேரைக் கொல்வித்தான். தோட்டவெளியில் அவர்கள் வேதசாட்சிகளாக நினைவுகூரப்படுகின்றனர். அந்நினைவிற் சங்கிலி ஏரோதுவின் வரிசையில் நிற்பவன். யாழ்ப்பாணத்திலோ அவன் அந்நியரை எதிர்த்த மன்னன். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை ‘சங்கிலி’ என்னும் நாடகத்தை 1956இல் எழுதினார். நல்லூரில் 1974இற் சிலை எழுந்தது. 2011இல் அது புதுப்பிக்கப்பட்டது.

வரலாற்று மாணவர் உடனே மறுப்பர்: சங்கிலியர் இருவர். மன்னாரிற் கொல்வித்தவன் 1519 முதல் 1561 வரை ஆண்டவன். போர்த்துக்கேயரிடம் அரசிழந்து கோவாவிற் கொல்லப்பட்டவன் 1617 முதல் 1619 வரை ஆண்டவன். மறுப்புச் சரியானதே. ஆயினும் மக்கள் நினைவில் இருவரும் ஓருருவாகி நெடுங்காலமாயிற்று. இருவர் ஒருவரைப் போலத் தோன்றும் கூத்தினைப் பார்த்துப் பழகிய மன்னார்ப் பார்வையாளர், நல்லூர்ச் சிலையின் முன் நிற்க நேரின், முதலிற் கேட்கக்கூடியது இவன் எந்தச் சங்கிலி என்பதாகவே இருக்கும்.