நாள்பட்ட பை அழற்சி

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனப்படும் பெருங்குடல் புண் அழற்சி மருந்துக்கு அடங்காதபோது பெருங்குடலையும் மலக்குடலையும் அகற்றுவர். பின்னர் சிறுகுடலின் கடைப்பகுதியை மடித்துப் பையாகத் தைத்து ஆசனவாயுடன் இணைப்பர். அந்தப் பையின் உட்சவ்வில் 4 வாரங்களுக்கு மேல் நீடிக்கும் அழற்சியே நாள்பட்ட பை அழற்சி. அடிக்கடி மலம் கழித்தல், அடக்க முடியாத அவசரம், அடிவயிற்று வலி ஆகியவை இதன் அறிகுறிகள்.

பின்னணி

லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் பார்க்ஸும் நிக்கல்ஸும் 1978-இல் இவ்வறுவைச் சிகிச்சையை வெளியிட்டனர். இன்று பரவலாக உள்ள ஜே வடிவப் பையை ஜப்பானின் உட்சுனோமியா 1980-இல் விவரித்தார். பை அமைத்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஒரு முறையேனும் பை அழற்சி வருகிறது. பெரும்பாலோர் ஆன்டிபயாட்டிக் மருந்தில் குணமடைகின்றனர். சிலருக்கு மருந்தை நிறுத்தியதும் திரும்புகிறது. இன்னும் சிலருக்கு மருந்தே பலிப்பதில்லை.

இடர்க் காரணிகள்

பரம்பரைக் குடல் பாலிப் நோய்க்காக இதே பை அமைக்கப்பட்டவர்களுக்கு அழற்சி அரிது. ஆகவே தையல் முறையைவிட, நோயாளி உடன்கொண்டு வரும் நோயெதிர்ப்பு இயல்பே முதன்மையாகக் கருதப்படுகிறது. தற்காலிகமாக வயிற்றில் வைத்த குடல்வாயை மூடி, பை வழியே மலம் செல்லத் தொடங்கிய பின்னரே அழற்சி தோன்றுவது, குடல் பாக்டீரியாக்களின் பங்கைக் காட்டுகிறது.

மிக வலுவான இடர்க் காரணி, பித்தநாளங்கள் தடித்துச் சுருங்கும் முதன்மைப் பித்தநாள இறுக்க அழற்சி. பெருங்குடல் முழுவதும் பரவியிருந்த நோய், சிறுகுடல் முனை வரை எட்டிய அழற்சி, மூட்டு, தோல், கண் பாதிப்புகள், இரத்தத்தில் பி-ஆன்கா எதிர்ப்பொருள் ஆகியவையும் இடரைக் கூட்டுகின்றன. இவற்றை மாற்ற இயலாது. மாற்றக்கூடியது ஸ்டீராய்டு அல்லாத வலி நிவாரணிகளின் பயன்பாடு. புகைபிடித்தல் குறித்த ஆய்வு முடிவுகள் ஒத்துப்போகவில்லை.

பிரித்தறிதல்

அறிகுறிகளை மட்டும் கொண்டு நோயை உறுதிசெய்ய முடியாது. மேயோ கிளினிக் குழு 1994-இல் வகுத்த 18 புள்ளி அளவுகோல், அறிகுறிகளுடன் எண்டோஸ்கோப்பி, திசு ஆய்வு முடிவுகளையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. 7 அல்லது அதற்கு மேல் பை அழற்சி. மருந்துக்கு மசியாதபோது கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் தொற்று, சைட்டோமெகலோ வைரஸ், இரத்த ஓட்டக் குறைவு, இடுப்புக்குழிச் சீழ், கிரோன் நோய் ஆகியவற்றைத் தேட வேண்டும். இவற்றில் ஒன்று மூலமாக இருந்தால், ஆன்டிபயாட்டிக்கை மாற்றி மாற்றித் தருவதால் பயனில்லை. மூலத்துக்கே சிகிச்சை தேவை.