மூன்று மன்னர்கள், ஒரு மந்திரி

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் கிழக்கு ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்காமல் உள்ளே நுழைவதில்லை. பதினொரு நிலை; 217 அடி உயரம். கிருஷ்ணதேவராயர் தொடங்கிய திருப்பணியைத் தஞ்சை செவ்வப்ப நாயக்கர் முடித்து வைத்தார் என்று ஊரே சொல்லும். மன்னர் கோபுரம் எழுப்பும்போது ராஜ்யத்தின் சுமையைத் தாங்கியது யார் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை!

தஞ்சையில் அந்தச் சுமையைத் தாங்கியவர் கோவிந்த தீட்சிதர். செவ்வப்பர், மகன் அச்சுதப்பர், பேரன் ரகுநாதர் ஆகிய மூவருக்கும் அவரே மந்திரி என்பது வழிவழியாக வரும் செய்தி. கும்பகோணம் மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள பதினாறு மண்டபங்கள் அவருடைய திருப்பணி. 72 மேளங்களை வகுத்த வேங்கடமகி அவருடைய புதல்வர். மன்னர்கள் மாறினார்கள், மந்திரி மாறவில்லை.

இதற்கு நேர்மாறான கதை ஹாலந்தில் உண்டு. 1658-ல் போர்த்துக்கீசியரிடமிருந்து நம் நாகப்பட்டினத்தைப் பிடித்தார்களே, அந்த டச்சுக்காரர்களின் தேசம்தான். அன்று அவர்களுக்கு ராஜா கிடையாது. 1815-ல்தான் முடியரசு வந்தது. வில்ஹெல்மினா பத்து வயதில், 1890-ல், அரசியானார். 1948 வரை அரசியாக இருந்தார். அதற்குள் எத்தனையோ பிரதமர்கள் வந்தார்கள், போனார்கள். அங்கே 1848-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாராளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் மந்திரிகள், முடிசூடியவர் அல்ல.

1940-ல் ஜெர்மானியர் படையெடுக்கவே, அரசியும் மந்திரிகளும் லண்டன் போய்ச் சேர்ந்தார்கள். பிரதமர் டி கேர் ஜெர்மனியோடு சமாதானம் பேசலாம் என்றார். அரசி சம்மதிக்கவில்லை. அவரை விலகச் செய்து கெர்பிராண்டியைப் பிரதமராக்கினார். கேள்வி கேட்கப் பாராளுமன்றம் கூட முடியாத நேரம்; ஒரு பெண்மணியின் நெஞ்சுறுதிதான் துணை நின்றது.

ஹாலந்துக்கு அது ஓர் ஆபத்துக் காலத்து விதிவிலக்கு. தஞ்சைக்கோ அதுவே அன்றாட நியதி. தீட்சிதர் நல்லவராக அமைந்தது குடிகளின் பாக்கியம். அவர் வேறு விதமானவராக இருந்திருந்தால் கேட்பதற்கு எந்தச் சபை இருந்தது? நல்ல மனிதரை நம்பிய ராஜ்யம் அவருக்குப் பின் எதை நம்பும்? 1673-ல் மதுரைப் படையோடு நடந்த போரில் ரகுநாதரின் மகன் விஜயராகவர் மாண்டார். தஞ்சை நாயக்கர் ஆட்சியும் சாய்ந்தது.

பட்டீஸ்வரம் கோயிலில் தீட்சிதரும் மனைவி நாகாம்பாவும் சிலைகளாக நிற்கிறார்கள். அடுத்த முறை அண்ணாமலையார் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும்போது, அந்த மந்திரியையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.